பழைய கோப்பில் தன் தவறை எழுதிய நீரஜா அம்மையாருக்கு

மயிலையில் பிறந்து, மந்தைவெளியில் பணிபுரிந்து, மனம் தளர்ந்து வந்தோர் எவரையும் மறுத்தனுப்பாது, கேட்கும் செவியும் காக்கும் நாவும் கொண்டு, இருபத்தொன்பது ஆண்டுகள் எங்கள் புதுக்கரை மது மீட்பு மற்றும் மனநல மையத்தின் உளவியல் பிரிவைத் தாங்கி நின்ற தலைமை உளவியலாளர், முனைவர் திருமதி நீரஜா ராஜகோபாலன் அவர்களுக்கு, மையத்தின் மருத்துவர்களும் செவிலியரும் சமூகப் பணியாளர்களும் சமையற்கூடத்தாரும் காவலாளிகளும் ஒருசேர எழுந்து நின்று வாசித்தளிக்கும் மடல்.

அம்மையீர்!

மடல் என்றால் அடைமொழிகள் வேண்டும். தங்களுக்கோ அடைமொழிகள் ஆகாது. எங்கள் அறிக்கைகளில் 'மிகவும்' என்ற சொல்லைக் கண்டால் அடியில் கோடிட்டு, பக்கத்தில் 'எவ்வளவு?' என்று பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்பியவர் தாங்கள். ஆகவே அடைமொழிகளை மேலே உள்ள வாக்கியத்தோடு பெரும்பாலும் நிறுத்திக்கொண்டு, தாங்களும் நாங்களும் அறிந்த ஒரு நிகழ்ச்சியை இந்த அவையின் முன் வைக்கிறோம். தங்களைப் பற்றி நாங்கள் சொல்ல விரும்புவது எல்லாம் அதற்குள் அடங்கும்.

குடியையோ வேறு போதையையோ விட வேண்டும் என்று இங்கே வருகிறவரிடம் முதலில் எல்லார் கண்ணுக்கும் தெரிவது அந்தப் பழக்கம் ஒன்றுதான். அதற்கு அடியில் மனச்சோர்வோ, பதற்றமோ, பழைய அதிர்ச்சியோ, பெயர் வைக்கப்படாத வேறொரு நோயோ இருக்கிறதா, இருந்தால் எது முன்னே வந்தது, எது எதை வளர்க்கிறது என்று பிரித்தறிவது தங்கள் பிரிவின் வேலை. அதற்கு உறக்கம், நினைவாற்றல், குடும்பம், பள்ளி, வேலை, பயம், ஆசை என்று ஒருவரின் வாழ்க்கையை நான்கு அமர்வுகளில் பொறுமையாகக் கேட்க வேண்டும். வீட்டாரைத் தனியே கேட்க வேண்டும். கேட்டதைச் சோதனைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கும்.

நடந்ததை நடந்தபடி கேட்டவரே!

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில் விக்டர் என்பவர் இங்கே முதல்முறை சேர்ந்தார். வயது முப்பத்தெட்டு. சாந்தோம்காரர். தரமணி ஐ.டி. நிறுவனங்களின் ஊழியர்களைக் கிண்டி ரயில் நிலையம் வரை கொண்டுவிடும் ஒப்பந்தப் பேருந்தின் ஓட்டுநர். மனைவி ஈவ்லின், பங்குக் கோயில் பள்ளியில் ஆசிரியை.

இந்தப் பெயர்களை அவர்கள் இருவரின் ஒப்புதலோடுதான் சொல்கிறோம். பெயரை மாற்றி எழுதிவிடுகிறோம் என்று விக்டரிடம் சொல்லிப் பார்த்தோம்.

"இன்னாத்துக்கு மாத்துற? நான் இன்னா திருடிட்டா வந்தேன்? விக்டர்னே போடு நைனா" என்றார்.

"என் பேரையும் போடுங்க. நான் பேசினதையும் போடுங்க, திட்டினது உட்பட" என்றார் ஈவ்லின்.

அந்த ஜூன் மாதம் வார்டின் இருபது படுக்கைகளும் நிரம்பியிருந்தன. குடியை நிறுத்திய மூன்றாம் நாள், கை நடுங்க, தண்ணீர் டம்ளரைக்கூட நேராகப் பிடிக்க முடியாத நிலையில் விக்டர் தங்கள் அறைக்கு வந்தார். நான்கு அமர்வுகளில் செய்ய வேண்டிய மதிப்பீட்டை அன்று தாங்கள் நாற்பது நிமிடத்தில் முடித்தீர்கள். "மேடம், வெளியே இன்னும் ஆறு பேர் உக்காந்திருக்காங்க" என்று கதவைத் தட்டித் தட்டி அவசரப்படுத்தியவன், இந்த மடலை எல்லார் சார்பிலும் எழுதும் சமூகப் பணியாளன் மேத்யூதான்.

"பயம், பதற்றம் ஏதாவது இருக்கா விக்டர்?" என்று கேட்டீர்கள்.

"அதெல்லாம் இல்ல மேடம்."

வினாத்தாளிலும் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே குறித்திருந்தார். 'மது சார்பு நோய். வேறு மனநலக் குறைபாடு இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டீர்கள். இருபத்தோராம் நாள் வீட்டுக்குப் போனார். ஐந்தாவது வாரம் மீண்டும் குடிக்கத் தொடங்கினார். இப்படி ஆவது இங்கே புதிதல்ல என்பதால் யாரும் அதைப் பற்றிப் பெரிதாக யோசிக்கவில்லை.

அந்த மதிப்பீடு முடிந்து பதினான்கு மாதம் கழித்து, ஒரு காலை பதினோரு மணிக்கு, விக்டர் தானாக ஒரு காவல் நிலையத்துக்குள் போய், "நான் ஒருத்தர் மேல வண்டிய ஏத்திட்டேன், என்னைப் புடிச்சி உள்ள வைங்க" என்று சொல்லி நின்றார். எங்கே என்று கேட்டார்கள். தெரியாது என்றார். யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றார். அவர்கள் அக்கம்பக்கத்து நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் பொறுமையாக விசாரித்தார்கள். அப்படி ஒரு விபத்தே நடந்திருக்கவில்லை. ஈவ்லினுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அவர் வகுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து, கணவரை அங்கிருந்து நேரே இங்கே அழைத்து வந்தார்.

சேர்க்கைத் தாளில், 'குடிபோதையில் உளறல்' என்று ஒரு வரி பதிவாயிற்று. பார்த்த எவருக்கும் அதில் சந்தேகம் எழவில்லை. தாங்கள் ஈவ்லினைத் தனி அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"அன்னிக்கு எவ்வளவு குடிச்சிருந்தார்?"

"குடிக்கவே இல்ல மேடம். அதான் எனக்கும் புரியல. குடிச்சி ரெண்டு நாள் ஆயிருந்தது. அவரு குடிச்சா சாதுவா படுத்துப்பாரு. குடிக்காத அன்னிக்குத்தான் இருப்பு கொள்ளாது."

இருப்பு கொள்ளாது என்றால் என்ன செய்வார் என்று கேட்டீர்கள். வண்டி விட்டதும் வீட்டுக்கு வரமாட்டார், வந்தாலும் மறுபடி கிளம்பிவிடுவார், அதே சாலையில் இரண்டு முறை மூன்று முறை போய்வருவார், டாஸ்மாக்குக்குத்தான் போகிறார் என்று தான் நினைத்திருந்ததாக ஈவ்லின் சொன்னார். காலையில் செய்தித்தாள் வந்ததும் விபத்துச் செய்திகளை மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்பார் என்றும் சொன்னார்.

மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் அவர்களிடம் இதைக் கொண்டுபோனீர்கள். குடியை நிறுத்திய இரண்டாம் நாள் சிலருக்கு மூளை குழம்பிப் போவதுண்டு, அதுவாக இருக்கலாம் என்றார் அவர். நியாயமான கருத்து. "இருக்கலாம் டாக்டர். பத்து நாள் தெளிஞ்ச அப்புறமும் இருந்தா?" என்று கேட்டீர்கள். பத்து நாள் பார்த்துவிடுவோம் என்றார் அவர்.

அவசரத்துக்கு அசையாதவரே!

ஆனால் பத்து நாள் காத்திருக்க விக்டரின் வீட்டுக்கு வழி இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் ஓட்டுநர் தகுதிச் சான்று தராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று பேருந்து ஒப்பந்ததாரர் சொல்லியிருந்தார். சென்ற முறையின் அறிக்கை இருக்கிறதே, அதையே தேதி மாற்றிக் கொடுத்தால் போதும் என்று ஈவ்லின் கேட்டார். தாங்கள் மறுத்தீர்கள். மதிப்பீடு முடியாமல் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்றீர்கள்.

"உங்க பேப்பருக்காக எங்க வயித்துல அடிக்கிறீங்களா மேடம்? போன தடவை ஒரே நாள்ல எழுதிக் குடுத்தீங்களே, இப்போ மட்டும் இன்னா?" என்று ஈவ்லின் வரவேற்பறை முழுதும் கேட்கும்படி கத்தினார்.

"போன தடவை ஒரே நாள்ல எழுதினதாலதான் இந்தத் தடவை எழுத மாட்டேங்கறேன்" என்றீர்கள்.

வெள்ளிக்கிழமை கடந்தது. விக்டரின் வேலை போயிற்று. அந்த வாரம் முழுதும் ஈவ்லின் பார்வையாளர் நேரத்துக்கு வருவார், கணவருக்குச் சாப்பாடு கொடுப்பார், தங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தாங்கள் ஒவ்வொரு நாளும் வணக்கம் சொன்னீர்கள். அவர் பதில் வணக்கம் சொல்லவில்லை. செவிலியர் தலைவி கைசர் ஜஹான், "சான்றைக் கொடுத்துட்டு அப்புறமா பார்த்திருக்கலாமே மேடம்" என்று தங்களிடமே கேட்டார். "நாப்பது பேரை ஏத்திண்டு போற வண்டி. எனக்குத் தெரியாததைத் தெரியும்னு எப்படி எழுதறது?" என்றீர்கள். அந்த வாரம் தாங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைச் சமையற்கூடத்து ஜோதிலட்சுமி இன்றுவரை சொல்லிக் குறைப்படுகிறார்.

பத்து நாள் ஆனது. நடுக்கம் நின்றது. முதல் மூன்று அமர்வுகளில் உறக்கம், குடும்பம், நினைவாற்றல், மனநிலை எல்லாம் கேட்டு முடித்தீர்கள். விக்டர் மரியாதையாக, கைகட்டி, "நல்லாக்கீறேன் மேடம்" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். நான்காவது அமர்வில் வினாத்தாள்களை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டீர்கள். அதன் பின் நடந்ததை விக்டரே எங்களுக்குச் சொன்னார்.

"விக்டர், எனக்கு அந்த ரூட் தெரியாது. தரமணிலேந்து கிண்டி வரைக்கும் எப்படிப் போவேள்னு சொல்லுங்கோ. மெதுவா, ஒண்ணு விடாம."

அவர் சொல்லத் தொடங்கினார். கம்பெனி கேட்டைத் தாண்டியதும் வேகத்தடை. "அங்க ஒரு தபா எறங்கிப் பாப்பேன்." டைடல் பார்க் சிக்னல். "அத்தத் தாண்டி ஒரு யூ டர்ன் கீது. அங்க திரும்பி வந்து பாப்பேன்." மத்திய கைலாஷ் வளைவு. "ஆளுங்கள எறக்கி வுட்டுட்டு அங்க ரெண்டு தபா வருவேன்." காந்தி மண்டபம் வரும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

"எதைப் பாக்கறதுக்குத் திரும்பி வர்றேள்?"

"ஆளு கீறாரான்னு."

"எந்த ஆள்?"

"ஒருத்தர் செத்துட்டாரு மேடம். யாருன்னுதான் தெரியல."

அதற்கும் ஆறு ஆண்டுகளுக்கு முன் பாலவாக்கம் பக்கம் வண்டி ஓட்டியபோது, சக்கரத்தின் கீழ் ஏதோ நசுங்கும் சத்தம் கேட்டிருக்கிறது. இறங்கிப் பார்த்தார். வெட்டிப் போட்ட இளநீர்க் காய். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார். ஆனால் அடுத்த நாள் வேறொரு சத்தம் கேட்டபோது சிரிக்க முடியவில்லை. திரும்பிப் போய்ப் பார்த்தார். ஒன்றுமில்லை. சரியாகப் பார்த்தோமா என்று மறுபடி போனார். அது அன்றாடம் ஆனது. வீட்டுக்கு வந்தும் மனம் அந்தச் சாலையிலேயே நின்றது. ஒரு கட்டிங் உள்ளே போனால் அது அடங்கும் என்று கண்டுபிடித்தார். ஒன்று இரண்டாயிற்று, மாலை காலையாயிற்று. கடைசியில் முகம் தெரியாத யாரையோ கொன்றவராகத் தன்னை நம்பிக்கொண்டு, எவரிடமும் சொல்லாமல், எங்கள் வார்டில் படுத்திருந்தார்.

"போன தடவை நான் கேட்டேனே விக்டர், பயம் இருக்கான்னு?"

"ஆமா கேட்டீங்க. எனக்குப் பயம் இல்ல மேடம். நான் தப்பு பண்ணவன். அது வேற, இது வேற. அப்புறம், சொன்னா போலீஸ்ல புடிச்சிக் குடுத்துருவீங்கன்னு நெனச்சேன்."

அதற்கு ஓ.சி.டி. என்று பெயர், எண்ண சுழற்சி நோய் என்றும் சொல்வார்கள், இது குற்றமல்ல, வைத்தியம் உண்டு என்று தாங்கள் அவருக்குச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அவர் நம்பினாரா என்று கேட்டோம். "நம்பல. ஆனா ஒருத்தருக்குத் தெரிஞ்சிப்போச்சுன்னு ஆனதும் அன்னிக்கு நல்லா தூங்கினேன்" என்றார்.

தவறைத் தன் கையால் எழுதிய தகைமையே!

அன்று மாலை தாங்கள் பதிவறைக்குப் போய் விக்டரின் பழைய கோப்பினை எடுத்தீர்கள். தங்கள் கையொப்பத்துக்குக் கீழே, அன்றைய தேதியிட்டு, இப்படி எழுதினீர்கள்: 'மேற்கண்ட என் மதிப்பீடு தவறு. குடியை நிறுத்தியதால் வந்த நடுக்கம் தீரும் முன் செய்யப்பட்டது. குடும்பத்தாரைத் தனியே கேட்கவில்லை. குடிக்கு முன்பே எண்ண சுழற்சி நோய் இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. நீரஜா.' அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதை எங்கள் அனைவர் முன்னும் எழுந்து நின்று வாசித்தீர்கள். வாசித்துவிட்டு உட்கார்ந்தீர்கள். வார்டு நிரம்பியிருந்தது என்றோ, மேத்யூ அவசரப்படுத்தினான் என்றோ ஒரு சொல் சொல்லவில்லை. கூட்டத்தில் மேத்யூ தலை நிமிரவில்லை.

பிறகு ஈவ்லினைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னீர்கள்.

"போன தடவை நான் சரியாப் பாக்கலை ஈவ்லின். தப்பு என்னோடது."

"பதினாலு மாசம் மேடம்" என்றார் ஈவ்லின். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். தாங்கள் அவரைத் தடுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

மருத்துவர் ஃபிரெட்ரிக் மருந்து தொடங்கினார். தாங்கள் பயிற்சி தொடங்கினீர்கள். திரும்பிப் பார்க்காமல் கடக்கும் பயிற்சி. முதலில் நடந்து, பிறகு மேத்யூவின் காரில். மூன்று மாதம் கழித்து, மருத்துவர் அனுமதித்த பின், ஒரு ஞாயிறு காலை, ஒப்பந்ததாரர் இரங்கிக் கொடுத்த காலிப் பேருந்தில். பக்கத்தில் பாதுகாப்புக்கு மாற்று ஓட்டுநர் ஒருவர், முன் இருக்கையில் தாங்கள், பின்னால் மேத்யூ. டைடல் பார்க் சிக்னலைத் தாண்டியதும் பின்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. விக்டரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மேடம், இன்னா சத்தம் அது? யார் மேலயாச்சும் ஏத்திட்டனா?"

"எனக்குத் தெரியாது விக்டர். ஓட்டுங்கோ."

"ஒரே ஒரு தபா பாத்துட்டு வந்துடறேன்."

"ஓட்டுங்கோ."

'பள்ளம்தான்யா' என்று சொல்லிவிட மேத்யூவின் நாக்கு துடித்தது. ஆறுதல் சொல்லக் கூடாது என்று தாங்கள் முன்பே எச்சரித்திருந்தீர்கள். ஒரு முறை 'ஒன்றுமில்லை' என்று நாம் சொன்னால், நாளை அதையே பத்துப் பேரிடம் கேட்டு அலைவார் என்றீர்கள். மத்திய கைலாஷ் அருகே விக்டர் வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, நடைபாதையில் உட்கார்ந்து அழுதார். தாங்களும் இறங்கி, புடவையைப் பற்றிக் கவலைப்படாமல், பக்கத்தில் தரையில் உட்கார்ந்தீர்கள். நாற்பது நிமிடம். அவர் தானாக எழுந்து கிண்டிவரை ஓட்டினார். வண்டியை நிறுத்தியதும் மாற்று ஓட்டுநரை அனுப்பி ஒருமுறை சாலையைப் பார்த்துவரச் சொன்னார். அன்று அவ்வளவுதான் முடிந்தது. ஆறாவது ஞாயிறு, திரும்பாமலும் கேட்காமலும் கம்பெனி கேட்டிலிருந்து கிண்டி ஸ்டேஷன் வரை வந்து சேர்ந்தார். ஈவ்லின் கிண்டியில் காத்திருந்தார். பிளாஸ்கில் காபி கொண்டுவந்திருந்தார். முதல் டம்ளரைத் தங்களிடம்தான் நீட்டினார்.

ஏழு மாதம் வேலையில்லாதிருந்த விக்டருக்கு, அதே ஒப்பந்ததாரரிடம் முதலில் மாற்று ஓட்டுநராகவும், பின்பு நிரந்தரமாகவும் இடம் கிடைத்தது. மூன்றாம் ஆண்டில் ஒரு முறை இரண்டு நாள் குடித்தார். மூன்றாம் நாள் காலை, வண்டி எடுக்காமல், தானாக இங்கே வந்து நின்றார். இதையும் எழுதச் சொன்னவர் அவரே.

தாங்கள் அதோடு நிற்கவில்லை. இங்கே ஒருமுறை சிகிச்சை பெற்று மீண்டும் சேர்ந்தவர்களின் பழைய கோப்புகள் அறுபத்து மூன்றையும் அடுத்த ஓராண்டில் ஒவ்வொன்றாகப் படித்தீர்கள். ஒன்பது கோப்புகளில் வேறு நோய் தப்பியிருக்கலாம் என்று கண்டு, அந்த ஒன்பது பேரையும் தொலைபேசியில் தேடினீர்கள். ஆறு பேர் வந்தார்கள். ஒருவர் வர மறுத்தார். இருவர் இறந்துவிட்டிருந்தார்கள். அந்த இருவரின் கோப்புகளிலும், இனி எவரும் அவற்றைத் திறக்கப் போவதில்லை என்று தெரிந்தும், திருத்தத்தை எழுதித் தேதியிட்டீர்கள். பத்து நாள் தெளியாமல் அறிக்கை இல்லை, வீட்டாரைத் தனியே கேட்காமல் கையொப்பம் இல்லை என்பது அன்று முதல் இந்த மையத்தின் விதி. அதனால் எங்களுக்குக் காத்திருப்போர் வரிசை நீண்டது, சண்டைகள் கூடின. விதி மாறவில்லை.

குறையாத அன்புக்குரியவரே!

இருபத்தொன்பது ஆண்டுகள் பிறர் சொல்வதைக் கேட்டீர்கள். இனி, குறிப்பெடுக்காமல் ஒருவர் பேசுவதைக் கேட்கும் மாலைகள் தங்களுக்கு நிறைய வாய்க்கட்டும். கணவர் ராஜகோபாலன் அவர்களோடு மயிலைக் குளத்தைச் சுற்றி நடக்க முழங்காலில் வலுவும், கச்சேரியில் கடைசி உருப்படி வரை உட்கார உடம்பில் தெம்பும், நினைத்த நேரம் உறங்க நிம்மதியும் பல்லாண்டு தங்களோடு இருக்கட்டும்.

ஈவ்லின் இதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். விக்டர் வரவில்லை. விடுப்புக் கேட்கலாமே என்றோம். "அஞ்சரை ட்ரிப் என்னுது நைனா. நான் இங்க வந்து குந்திக்கினா நாப்பது பேரு ரோட்ல நிப்பாங்க. மேடத்துக்குப் புரியும்" என்றார்.

இப்போது மணி ஐந்து ஐம்பது. மழை வேறு தூறுகிறது. சாலையெங்கும் பள்ளம். விக்டர் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு மத்திய கைலாஷைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்.

என்றும் தங்கள் அறைக் கதவைத் தட்டியே பழகிய,
புதுக்கரை மையத்தின் மருத்துவர்கள், செவிலியர், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், சமையற்கூடத்தார், காவலாளிகள்
மந்தைவெளி, சென்னை